பின்சுவரின் மூன்று துளைகள்

நிலத்துக்கு அடியில் இருக்கும் அறைக்கு வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. வெளிச்சமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்பார்கள். வெயில் படாத இடத்தில் வெள்ளை ஓடு போட்டால் ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். இளமஞ்சள் ஓடு, சீலிங்குக்கு வெள்ளைச் சாயம், மூலையில் நிற்கிற விளக்கு ஒன்று, அவ்வளவு போதும். கிள்ளானிலிருந்து ரவாங் வரை அடுத்தவர் வீடுகளை உடைத்துச் சீர்செய்து கொடுத்தே வயதானவன் நான். கடைசியாகச் செய்தது என் சொந்த வீட்டின் கீழறையை. என் கைவேலையில் அதுதான் உசத்தி. உங்கள் ஆட்கள் எடுத்த படங்களில் அது தெரியாது, இன்ஸ்பெக்டர். சேறு படிந்த பிறகு எடுத்தவை அவை.

தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், நன்றி. நடந்ததை வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் புரியும் என்று நினைக்கிறேன்.

என் வீடு ரவாங்கில் ஒரு சரிவில் இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் சாதாரண வீடு. பின்பக்கம் நிலம் இறங்குவதால் அடியில் ஒரு முழு அறைக்கு இடம் கிடைத்தது. பக்கவாட்டில் படிகள் இறங்கும். அடியில் ஒரே ஒரு கதவு. சிமெண்டு மூட்டைகளும் மிச்சப்பட்ட ஓடுகளும் அங்கேதான் கிடந்தன. அக்கா அந்தப் பக்கமே போகமாட்டார். "எலி குடும்பம் நடத்துற எடம்டா அது" என்பார்.

அக்கா பெயர் தனலெட்சுமி. அம்மா போனபோது நான் சின்னப் பையன். சாலாக் செலாத்தான் வாடகை வீட்டில் எனக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கையுறைத் தொழிற்சாலைக்கு ஓடியவர் அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு அவர் பார்த்த பெண்களை எல்லாம் நானும் ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தேன். நாங்கள் இருவரும் நன்றாகத்தானே இருந்தோம், நடுவில் இன்னொருவர் எதற்கு. எனக்கு இன்றுவரை சோறு வடிக்கத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவை வரவில்லை.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அக்காவின் வாழ்க்கையில் குரு என்பவர் வந்தார். நான்தான் கூட்டிவந்தேன். பிரிக்பீல்ட்சில் ஏர்கோன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், என் வேலைகளுக்கெல்லாம் அவர்தான் ஏர்கோன் மாட்டுவார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டு ஏர்கோனைக் கழுவ வந்தவருக்கு அக்கா மீன் கறி ஊற்றிச் சோறு போட்டார். அடுத்த மாதமே மறுபடியும் கழுவ வேண்டும் என்று வந்து நின்றார். ஒரு மாதத்தில் எந்த ஏர்கோனும் அப்படி அழுக்காகாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கா மட்டும் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

கிள்ளானில் ஒரு கோயிலில் தாலி கட்டுவதென்று பேசி முடித்தார்கள். நான் தடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் கீழேயே இருந்துவிடுங்கள், நானே அறை கட்டித் தருகிறேன் என்றேன். அக்கா என் கன்னத்தைத் தடவி அழுதார். திரைச்சீலைக்குத் துணி எடுத்து வந்தார். ஏர்கோனை குருவே மாட்டினார். வெளிச்சத்துக்குப் பின்சுவரில் கண்ணாடிக் கற்கள் பதித்தேன். ஜன்னல் வைக்கவில்லை. வாட்டர் ஹீட்டர், டிவி, சின்ன அடுப்பு, சாமிப் படத்துக்குச் சுவரில் ஒரு தட்டு, ஒன்றுக்கும் மேலே ஏறி வர வேண்டாம்.

கதவுக்கு வெளியே கிரில் போட்டேன். கிரில் இல்லாத வீடு இந்த நாட்டில் ஏது. பூட்டு வெளிப்பக்கம் இருந்ததைப் பற்றி உங்கள் சார்ஜன் கேட்டார். சாமான் அறையாக இருந்தபோது அப்படி இருந்தது, மாற்ற மறந்துவிட்டேன் என்று சொன்னேன். மறக்கவில்லை.

வேலை முடிந்ததும் நல்ல நேரம் பார்த்து, காலையில் பால் காய்ச்சினோம். நானும் அக்காவும் மட்டும்தான். விளக்கேற்றி, அடுப்பில் பாலை வைத்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி, கோச்சுக்காத. அவருக்குத் தெலுக் பங்லிமா காராங்ல வீடு இருக்குடா. நாங்க அங்கயே போயிடலாம்னு இருக்கோம். நீயும் ஒரு நல்ல பொண்ணாப் பாத்துக் கட்டிக்கிட்டு இந்த ரூம்ல இரு லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இவ்வளவு ஓடும் பதித்து, சாயமும் அடித்த பிறகு சொல்கிறாரே என்று வேதனையாக இருந்தது. கோபப்படவில்லை. சர்க்கரை எடுத்து வருகிறேன் என்று வெளியே வந்தேன். கிரில்லைச் சாத்திப் பூட்டினேன். பால் பொங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை.

சில நாள் யோசித்தால் மனம் மாறிவிடும் என்றுதான் நினைத்தேன். அக்காவின் கைப்பேசி மேலே சார்ஜில் கிடந்தது. கல்யாணம் வேண்டாம், பினாங்கில் தோழி வீட்டுக்குப் போகிறேன், தேட வேண்டாம் என்று அதிலிருந்து குருவுக்கு எழுதினேன். பக்கத்து வீட்டு குமுதாவிடமும் அப்படியே சொன்னேன். காலையில் தோசை, மத்தியானம் மீன் சோறு, எல்லாம் நல்ல கடையில் வாங்கி, கிரில் கம்பி வழியாகக் கொடுத்தேன். அக்கா முதலில் ஏசினார். பிறகு கெஞ்சினார். பிறகு என்னோடு பேசவில்லை. தட்டு அப்படியே திரும்பி வந்தபோது எனக்கு எவ்வளவு வருத்தம் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை.

இனி அந்தத் துளைகள். பின்சுவரின் அடியில் மூன்று துளைகள் இருந்தன. பெருமழையில் படி வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தால், பின்னால் இருக்கும் லோங்காங் சாக்கடைக்கு ஓடிவிட நானே விட்டவை. அவற்றை வெளியிலிருந்து சிமெண்டு பூசி அடைத்தேன். கரப்பான் பூச்சிக்காக என்று அக்காவிடம் சொன்னேன். கொசுவுக்காக என்று சார்ஜனிடம் சொன்னேன்.

குமுதா துணி காயப்போடுவது அந்தச் சுவரை ஒட்டித்தான். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "அண்ணே, ஒங்க வீட்டுக்குக் கீழ டிவி ஓடுதா? யாரோ என் பேரச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றார். டிவிதான் என்றேன். போய்க் குனிந்து பார்த்தேன். அக்கா தரையில் படுத்து, துளையில் வாயை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே அடைத்தேன். துளை எதற்கு என்று தெரியாத ஆள் அல்ல நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குரு வந்தார். மழை கட்டிக்கொண்டு நின்றது. உட்காரச் சொன்னேன்.

"ஜீவன், ஒங்க அக்கா மெசேஜ் எழுதவே மாட்டாங்க. எப்பவும் பேசித்தான் அனுப்புவாங்க" என்றார். "பினாங்கு நம்பர் குடுங்க. அவங்க வாயால வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, நான் போயிடறேன்."

தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் கலக்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. அடுக்களை ஜன்னலிலிருந்து கீழறைக்கு இறங்கும் படிகள் தெரியும். சாலை ஓரத்து லோங்காங் அடைத்துக்கொண்டு, தண்ணீர் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்படிகள் மறைந்துவிட்டன. உள்ளே போகிற தண்ணீர் வெளியே போக வழியில்லை என்பது எனக்குத் தெரியும். குரு போய்விட்டால் உடனே திறந்துவிடலாம் என்று நினைத்தேன். கோப்பையை அவர் கையில் கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டேன்.

அப்போது தரைக்கு அடியில் தட்டும் சத்தம் வந்தது. அக்கா சீலிங்கை எதனாலோ இடிக்கிறார். நான் வாங்கிக்கொடுத்த விளக்காக இருக்கும், வேறு நீளமான பொருள் அங்கே இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

"கீழ என்ன சத்தம்?" என்றார் குரு.

"தண்ணி பைப், அண்ணே."

"பைப் இப்படித் தட்டாது லா." எழுந்து அடுக்களை ஜன்னலுக்குப் போனார். படியைப் பார்த்தார். பிறகு வெளிச்சுவரில் அவரே மாட்டிய ஏர்கோன் பெட்டியைப் பார்த்தார். அதன் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. "ஆள் இல்லாத ரூமுக்கு ஏர்கோன் ஏன் ஓடுது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் முகம் மாறிவிட்டது. "சாவி எங்க? டேய், சாவி எங்கடா?"

அடுக்களை இழுப்பறையில் இருக்கும் என்றேன். அவர் இழுப்பறையைத் தரையில் கொட்டித் துழாவினார். சாமி மேடைக்குப் பின்னால், பிரிட்ஜ் மேல், செருப்பு அலமாரி என்று எல்லா இடத்திலும் பார்த்தோம். நானும் அவரோடு சேர்ந்து தேடினேன். "தனம், தனம், வந்துட்டேன்" என்று குரு தரையைப் பார்த்துக் கத்தினார். அவர் அக்காவை அப்படிக் கூப்பிடுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோதே தட்டும் சத்தம் நின்றுவிட்டது. குரு என் சாமான் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். கழுத்தளவு தண்ணீரில் நின்று பூட்டை உடைத்தார். சத்தம் கேட்டு வந்த குமுதாவின் கணவர் அவரோடு சேர்ந்து கதவைத் தள்ளினார். மற்றதை அவர்கள் சொல்லியிருப்பார்கள். நான் மேலேதான் இருந்தேன்.

சாவியை வைத்துக்கொண்டே ஏன் தேடினாய் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கொடுத்திருந்தால் கதவு திறந்திருக்கும். திறந்திருந்தால் அக்கா அந்த ஈரப் புடவையோடு குருவின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிருப்பார். அதை என்னால் பார்க்க முடியாது. அக்காவைப் பூட்டி வைத்தது நான். துளையை அடைத்தது நான். அவர் சாகிறார் என்று தெரிந்தே தேடுவதுபோல் நடித்ததும் நான். இதற்குக் கீழே கையெழுத்துப் போட எனக்குத் தடையில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அக்காவின் உடலைத் தன்னிடம் தரும்படி குரு எழுதிக் கேட்டிருக்கிறார் என்று சொன்னீர்கள். கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு என்னை விட்டால் யாரும் இல்லை.