கடைசி லைன்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாயங்கால பஸ்ஸில், முன்சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார்: “எல்லா லைன்லயும் சாப்டியான்னு கேட்டேன். ஒண்ணுலயாவது பதில் சொன்னியா?”

அவர் உத்திரமேரூர் டெலிபோன் ஆபீஸில் மெக்கானிக். அந்த அம்மா காஞ்சிபுரத்தில் ஆபரேட்டர். வேலை முடிந்ததும் மனைவியை வீட்டுக்கு அழைத்துப்போக இவர் காஞ்சிபுரம் வந்திருக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே புதிதாகப் போட்ட டிரங்க் லைன்களை அன்றுதான் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு லைனிலும் இவர் பேச, அந்த அம்மா ‘கேக்குது’ என்று சொன்ன பிறகுதான் அடுத்தது.

“ஹலோன்னுதானே சொல்லணும்? சூப்பர்வைசர் பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு. நான் இன்னா பதில் சொல்றது?”

“வூட்ல ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற. வேற எங்க கேக்கறது?”

பாலாற்றுப் பாலம் தாண்டியதும் அவரே மறுபடி ஆரம்பித்தார்.

“கடைசி லைன்தான் பேஜாரு. நீ கேக்கலன்னதும் ஒயரெல்லாம் அவுத்து மறுபடி கட்டினேன். ஒரு கோளாறும் இல்ல.”

“நல்லாத்தான் கேட்டுச்சு.”

“அப்புறம் ஏன் கேக்கலன்ன?”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “அதோட லைன் முடிஞ்சிடுதே. இன்னொரு தபா கேப்பீங்கன்னுதான்.”