ஹமீது பீவி சொல்லாத சொல்

நாள்: 18.11.2025, செவ்வாய்க்கிழமை. மனு விசாரணையில் பதிவு செய்யப்பட்ட வாக்குமூலம்.
பெயர்: சித்ரலேகா, வயது 47, த/பெ தாணுமாலையன்.
முகவரி: பிள்ளையார் கோவில் நடுத்தெரு, பாளையங்கோட்டை.
தொழில்: மனு எழுதுதல், தட்டச்சு, நகல் எடுத்தல்.

மேற்படி முகவரியில் என் கணவர் கணேஷ்ராமுடன் குடியிருந்து வருகிறேன். நீதிமன்றத்துக்குப் போகும் சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கிறேன். என்னை யாரும் விசாரணைக்கு அழைக்கவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து, ஹமீது பீவி கொடுத்த மனுவை எழுதிய ஆள் நான்தான் என்று தெரிவித்து, உதவி ஆய்வாளர் செந்தூர்பாண்டி அவர்கள் முன்பாக இதைச் சொல்கிறேன்.

கடந்த 3ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்தரை மணி அளவில் மேலப்பாளையத்தைச் சேர்ந்த ஹமீது பீவி, வயது 63, பீடி சுற்றுபவர், தன் மகள் ஸமீஹாவின் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். இடது பாதத்தில் கட்டுப் போட்டிருந்தது. முந்தின நாள் மாலை பக்கத்து வீட்டு முகம்மது இப்ராஹிமின் மகன் ஷமீம், வயது 24, நூல் பொதி ஏற்றிய லோடு ஆட்டோவைப் பின்னால் எடுத்தபோது, தன் வீட்டு முன்கொட்டகையின் கால் சாய்ந்து தகரம் பாதத்தில் விழுந்ததாகச் சொன்னார். பீடித் தட்டு கவிழ்ந்து அன்றைக்குச் சுற்றியது முழுக்கச் சாக்கடையில் போனதாகவும் சொன்னார். காலைப் பற்றிச் சொன்னதைவிடப் பீடியைப் பற்றித்தான் அதிக நேரம் சொன்னார்.

ஷமீமே இறங்கி ஓடி வந்து தகரத்தைத் தூக்கி, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் சொன்னார். இதை நான் மனுவில் எழுதவில்லை. அவருக்குக் கோபம் ஷமீம் மேல் அல்ல, இப்ராஹிம் மேல். "ஒங்க கொட்டகைதான் தெருவுல நீட்டிக்கிட்டு நிக்கி" என்று இப்ராஹிம் சொன்னது அவருக்குத் தாங்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். "அந்தப் பயலக் கூப்பிட்டு ரெண்டு அதட்டுப் போட்டு, வண்டியப் பைய ஓட்டச் சொல்லணும். அம்புட்டுதாம்மா" என்றார்.

அதன் பிறகு, "வேணும்னே இடிச்சானா?" என்று கேட்டேன். அவர், "அவன் நிய்யத்து எனக்கு எப்படிம்மா தெரியும்? அது அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றார். நிய்யத்து என்றால் மனசில் வைத்திருக்கிற எண்ணம் என்று ஸமீஹா எனக்கு விளக்கினாள். நான் தலையை ஆட்டிவிட்டு, 'வேண்டுமென்றே, உயிருக்குச் சேதம் விளைவிக்கும் நோக்கத்துடன் வாகனத்தை ஏற்றி' என்று அடித்தேன்.

இது எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். என் கம்ப்யூட்டரில் 'அடிதடி' என்று ஒரு ஃபைல் இருக்கிறது. பெயர், தேதி, ஊர் மட்டும் மாற்றிக் கொடுப்பேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரனிடம் போங்கள் என்று ஏதோ ஒரு நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் கடைக்கு வந்து என்னைத்தான் ஏசினார். அன்றைக்கு அந்த ஃபைலில் ஏறி உட்கார்ந்த சொல் பிறகு இறங்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஆடு மல்லிகைச் செடியைத் தின்றதற்குக்கூட, 'வேண்டுமென்றே ஆட்டை ஏவி' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சொல் இருந்தால்தான் மனு நிற்கும் என்பது என் நம்பிக்கை. மனு நின்றால்தான் ஆட்கள் மறுபடியும் என் கடைக்கு வருவார்கள் என்பதும் அதில் சேர்த்திதான்.

மேலதிகாரிகளுக்கு அனுப்ப ஆங்கிலப் பிரதியும் நானே அடித்தேன். அதில் 'இன்டென்ஷனலி' என்று போட்டுப் பார்த்துவிட்டு, கனம் போதாது என்று அழித்து 'டெலிபரேட்லி' என்று போட்டேன். ஆக, அந்த அம்மா ஒரு மொழியிலும் சொல்லாததை நான் இரண்டு மொழியில் சொல்லி வைத்தேன்.

மனுவின் அடியில், 'படித்துக் காட்டக் கேட்டுச் சரியென ஒப்பினேன்' என்று இருக்கிறது. நான் படித்துக் காட்டவில்லை. ஸமீஹா ஆதார் நகல் எடுக்க மெஷின் பக்கம் நின்றாள். ஹமீது பீவி குர்ஆனைக் கடகடவென்று ஓதுவார், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். பேனாவைக் கொடுத்தேன், கையெழுத்துப் போட்டார். அன்றே மனு நிலையத்தில் கொடுக்கப்பட்டு ரசீது பெறப்பட்டது.

அதன் பிறகு நேற்று 17ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு என் கடை முன்பாக ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. ஒரு பையன் இறங்கி, முன் சீட்டில் இருந்த ஹமீது பீவியைக் கையைப் பிடித்து இறக்கினான். அவன்தான் ஷமீம் என்று ஹமீது பீவி சொன்னார். கொட்டகைக் காலை அவனே நிமிர்த்திக் கொடுத்ததாகவும், ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற அவன்தான் கூட்டிப்போவதாகவும், இப்ராஹிமே நேரில் வந்து, "நான் பேசினது தப்புதான், பொறுத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தார்.

ஷமீமுக்கு ஷார்ஜாவில் டிரைவர் வேலை கிடைத்திருக்கிறது. 25ஆம் தேதிக்குள் போலீஸ் சான்று கொடுக்காவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். சான்று கேட்டு வந்த இடத்தில்தான் மனுவில் இப்படி இருப்பது தெரிந்திருக்கிறது. ஹமீது பீவி நிலையத்துக்கு நேரில் வந்து, தான் அப்படிச் சொல்லவில்லை என்று கூறியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட மனுவில் இவ்வளவு இருக்கும்போது, வாபஸ் வாங்கச் சொல்லி யாராவது மிரட்டினார்களா என்று நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். அப்படிக் கேட்டதில் தப்பில்லை. நான் எழுதியிருந்ததை வாசித்தால் யாருக்கும் அந்தச் சந்தேகம்தான் வரும்.

ஹமீது பீவி ஸ்டூலில் உட்கார்ந்து, "அத இப்ப எனக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். கம்ப்யூட்டரில் இருந்ததை உரக்க வாசித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. மறுபடியும் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். ஷமீம் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்க மாமி" என்றான். அவர் விடவில்லை. "அல்லாவுக்குத்தான் தெரியும்னு நான் சொன்னேன். எனக்குத் தெரியும்னு நீ எழுதிட்டியேம்மா" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதன் பிறகு கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். "ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? ஸ்டேஷன்ல போயி நின்னா நாளைக்கு எவன் ஒன் கடைக்கு வருவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஷமீம் அந்த அம்மாவை இறக்கிவிட்ட கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. தப்பு என்னுடையது, தண்டனை அவனுக்கு என்றால் எனக்குச் சோறு இறங்காது.

இன்று நான் இதைச் சொல்லிவந்தபோது உதவி ஆய்வாளர் எனக்கு நல்லது நினைத்து, "அக்கா, பழைய மனுவுல இருந்தது தவறுதலா வந்துட்டுன்னு எழுதிக்கிடுவோம். ஒங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் வேலை முடிஞ்சுது" என்றார். அப்படியே எழுதவும் செய்தார். பிறகு நான் கேட்டுக்கொண்டதால் முழுவதையும் உரக்கப் படித்தார். 'தவறுதலாக' என்ற இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன்.

தவறுதலாக என்றால், அறியாமல் நடந்தது என்று அர்த்தம். பார்க்காமல் பின்னால் எடுத்தானே ஷமீம், அது தவறுதலாக. நான் அந்த அம்மாவிடம் கேட்டேன், பதிலைக் காதால் வாங்கினேன், அதற்கு மாறாக அடித்தேன். இந்தச் சம்பவத்தில் வேண்டுமென்றே செய்தது ஒருவர்தான், அது நான். அதனால் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன். இதனால் என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். ஷமீமின் சான்று 25ஆம் தேதிக்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதைக் கேட்டபின் உதவி ஆய்வாளர் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு, மனுவை இன்றே முடித்து மேலே அனுப்புவதாகவும், சான்றுக்குத் தடை இருக்காது என்றும் சொன்னார். ஷமீமின் வண்டியில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஹமீது பீவி, "அதையும் எழுதிட்டாங்களான்னு பாரும்மா" என்று என்னிடம் சொன்னார். பார்த்தேன், எழுதியிருக்கிறது.

ஷமீம் வெளியே வண்டியோடு நிற்கிறான். ஹமீது பீவியோடு என்னையும் கடையில் இறக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். பைய ஓட்டுவதாகவும் ஒத்துக்கொண்டிருக்கிறான்.

மேலே கண்டவை எல்லாம் நான் சொன்னவை, உண்மை. நான் சொல்லாத சொல் ஒன்றுகூட இதில் இல்லை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்டினார்கள். கேட்டேன்.

(ஒப்பம்)
சித்ரலேகா