ஹோர்னுக்குள் ஒரு கை

கல்லடிக்குப் பாலம் வருமுன், தோணித்துறையில் எனக்கு முன்னால் நின்ற இரண்டு தேவாலய பேண்ட் வாத்தியக்காரர்கள் பேசியது இது. ஒருவர் பிரெஞ்சு ஹோர்ன் என்னும் ஊதுகருவியைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இதைச் சாமியாரிட்டயே திருப்பிக் குடுக்கப்போறன், மச்சான்."

"பேண்ட் மாஸ்டர் செத்தாப் பிறகு உன்னை விட்டா இதை ஊத ஆர் இரிக்கா?"

"ஊதக்குள்ள வலக்கையை இந்தப் புனல் வாய்க்குள்ள வைச்சுத்தானே சுதி பிடிக்கிறது? நான் எப்பவும் விரலை மடக்கிப்போடுவன். மாஸ்டர் தன்ர கையை உள்ள விட்டு நிமித்தி விடுவார்."

"ஓம், பாத்திருக்கன்."

"இப்பவும் நிமித்திறார்."

"விசர்க்கதை கதைக்காத."

"அப்ப நேத்துப் பூசையில எனக்கு எப்படிச் சுதி பிசகாம வந்தது?"

தோணி வந்தது.

"ஏறுமட்டும் இதைக் கொஞ்சம் பிடி."

மற்றவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.