இரண்டாவது கண்

(அவள், மனதுக்குள்: இந்தப் பொம்மைக்கு மீசை இருக்கிறது, புருவம் இருக்கிறது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டங்கள். இவர் என்ன கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் இருந்தால் தேவலை.)

அவர்: என்ன, பொம்மையும் நீயும் யாரு முதல்ல கண்ணைச் சிமிட்டுறதுன்னு போட்டியா?

அவள்: அதுக்குத்தான் கண்ணே இல்லையே.

கண்காட்சிப் பெண்: நீங்கதான் மேடம் வரையணும். ஜப்பான்ல இது வேண்டுதல் பொம்மை. மனசுல ஒண்ணை நினைச்சுக்கிட்டு ஒரு கண்ணை வரைவாங்க. அது நடந்தா மறு கண்ணு. தள்ளிவிட்டுப் பாருங்க, விழுந்தாலும் எழுந்துக்கும்.

அவர்: நம்மள மாதிரி.

கண்காட்சிப் பெண்: உள்ள அந்த ரோஸ் கலர் பூனைப் பொம்மையைப் பார்த்தீங்களா?

அவள்: பார்த்தோமே. இவர் செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டார்.

அவர்: மேடை போட்டு சாமி மாதிரி உட்கார வெச்சிருந்தா... எனக்கென்ன தெரியும்?

அவள்: கண்ணை மூடிக்கிட்டு என்னவோ வேற கேட்டார்.

கண்காட்சிப் பெண்: அது வெறும் கார்ட்டூன் பூனை சார், ஆனா நிறையப் பேர் கும்பிடுறாங்க. இந்தாங்க பிரஷ். நான் வாசல்ல இருக்கேன்.

அவள்: எவ்ளோ நாளாச்சு, நீங்க இப்படிக் கோமாளித்தனம் பண்ணி.

அவர்: சிரிச்சியே, அது போதும். சரி, வரை. அவ பொறந்ததும் இதை அவளுக்கே விளையாடக் குடுத்துடலாம்.

அவள்: ‘அவ’ன்னே முடிவு பண்ணியாச்சா?

அவர்: உனக்கு ஆசை இல்லையா?

அவள்: இல்லாமலா? மாடி வீட்டுக் குழந்தை ஓடுற சத்தம் கேட்டா இன்னும் கதவைத் திறந்து பார்க்கிறேன். ஆனா இந்த ஊசி, மாத்திரை, தேதி... இதுக்கு நடுவுல நீங்க எங்கயோ காணாமப் போயிட்டீங்க.

அவர்: இங்கதானே இருக்கேன். ஏய்... ரெண்டு கண்ணையுமா வரையுற? ஒரு கண்ணுதான்னு சொன்னாளே அந்தப் பொண்ணு.

அவள்: ஒத்தக் கண்ணோட காத்துக்கிடக்க நம்ம வீட்ல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கோம். இதாவது முழுசாப் பார்க்கட்டும்.

அவர்: அது வந்து...

அவள்: சொல்லுங்க. காலைலேருந்து எதையோ மென்னு முழுங்குறீங்க.

அவர்: கோவப்படக் கூடாது. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். உன்னைக் கேக்காமத்தான். கடைசியா ஒரே ஒரு தடவை... வரியா?

அவள்: தெரியும். உறுதிப்படுத்திக்க ஆஸ்பத்திரிலேருந்து எனக்குத்தான் போன் பண்ணாங்க. வரலைன்னு சொல்லிட்டேன்.