இரண்டு வேளை ஊசி

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் காலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைப்பது கஷ்டம், சார். ரூபா முதலில் வந்தால் துப்பட்டாவைப் போட்டு எனக்கும் இடம் பிடித்து வைப்பாள். நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இருவரும் ஃபார்ம்-டி என்ற மருந்தியல் படிப்பை முடித்துவிட்டுத் திருப்பதி மருந்துக்கடைகளில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தோம். அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வார்டில் மருந்து சரிபார்க்கும் ஒரு வருஷ ரெசிடென்சி பயிற்சிக்கு ஒரே ஓர் இடம்; இருவரும் விண்ணப்பித்திருந்தோம். அந்த ஒரு வருஷத்தை முடித்தால் துபாய், கனடா என்று வழி திறக்கும். நேர்முகத்தில் நோயாளியின் நிலையைச் சொல்லி, எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்பார்கள்.

புத்தகம் என்னுடையது. ஓடும் பஸ்ஸில் படித்தால் ரூபாவுக்குத் தலை சுற்றும். அதனால் நான் வாசிப்பேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை திருப்பிச் சொல்வாள். தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படித்த பழக்கம்.

அவள் அப்பா பாலையா ஒரு காலத்தில் எங்கள் நிலத்தில் கூலிக்கு நின்றவர். என் நைனா சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்வார்: "பாலையா பொண்ணு வெள்ளக் கோட்டு மாட்டிக்கினு பிளேன் ஏறப் போவுது. நீ இன்னாடா ஹரி, அதுக்குப் பொட்டி தூக்கப் போறியா?"

எனக்குக் கோபம் வருவதில்லை, சார்.

ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி ஒன்று உண்டு. வழக்கமாக நாளுக்கு இரண்டு வேளை. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு ஒரு வேளைதான். அந்தப் பக்கம் வந்தபோது, "இதுக்கு கிட்னி பார்க்க வேணாம், எல்லாருக்கும் ரெண்டு வேளை" என்று வாசித்தேன்.

"காலேஜ்ல வேற மாதிரி சொன்னாங்களே, அண்ணா?"

"அது பழைய புக்கு."

மூன்று முறை சொன்னாள். நூறு கேள்வியில் ஒன்று. இடம் கைநழுவ அது போதும்.

அந்தக் கேள்வி வரவில்லை. இடம் அவளுக்கே கிடைத்தது. அடுத்த பெயர் என்னுடையது. ஸ்வீட் வாங்கி வந்து, "நீ சொல்லிக் குடுத்துதான்ணா" என்றாள். அப்போது திருத்தியிருக்கலாம். சந்தர்ப்பம் அமையவில்லை.

நான்காவது வாரம் வார்டிலிருந்து போன் செய்தாள். கங்கையா என்று ஒரு பெரியவர், சிறுநீரகம் ரொம்ப மோசம். டாக்டர் அவசரத்தில் இரண்டு வேளை என்று எழுதியிருந்தார். சரிபார்த்துக் கையெழுத்திடுவது அவள் வேலை.

"அண்ணா, டவுட்டா கீது. கொறைக்கணுமோ?"

"மூணு தடவ சொன்னியே, அதுக்குள்ள மறந்துட்டியா? பெரிய டாக்டர் எழுதினத மாத்திட்டு, வேலைய வுட்டுக்கினு ஊருக்கு வரப் போறியா?"

சிரித்தாள். கையெழுத்துப் போட்டாள்.

பெரியவர் மூளையில் ரத்தம் கசிந்து இறக்க மூன்று நாள் ஆனது. மூன்று நாளும் போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

அவளை நீக்கினார்கள். இடம் எனக்கு வந்தது. அவள் போன் பட்டியலைப் பார்த்து நேற்று நீங்கள் விசாரணைக்கு அழைக்கும்வரை அங்கேதான் வேலை பார்த்தேன்.

தெரிந்தேதான் சொன்னேன், இரண்டு முறையும். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் திறக்காமல் என்னைக் கூப்பிடுகிறவளை நம்பி நோயாளிகளை விடலாமா, சார்? நான் சேர்ந்த பிறகு அந்த வார்டில் ஒரு மருந்துகூட அளவு தப்பவில்லை.