ஏழாவது குரல்

— கதவைச் சாத்து. அந்தப் பொண்ணோட அப்பா முன் ரூம்லதான் உக்காந்திருக்காரு.

— தண்ணி குடுத்தீங்களாக்கா?

— குடுத்தேன். தொடலை. நீ அறிக்கையை எழுதிட்டியா?

— எங்க எழுதறது... கை ஓட மாட்டேங்குது.

— இளைஞர் பரிமாற்றக் குழுவை மலைக்குக் கூட்டிட்டுப் போனவன் நீ. நீதான் எழுதணும். நாலு மணிக்குப் போலீஸ் வந்து கேப்பாங்க. சரி, நீ சொல்லு, நான் எழுதறேன். முந்தாநேத்து மலையிலேர்ந்து பஸ் கிளம்பினது?

— ஆறே கால். இருட்டிடுச்சு.

— ஆள் எண்ணினியா?

— எப்பவும் போலத்தான். நம்ம பசங்க எட்டு, வெளிநாட்டுப் பசங்க எட்டு. ஆளுக்கு ஒரு நம்பர். அவங்கவங்க நம்பரை அவங்கவங்க கத்திச் சொல்லணும்.

— தலையை எண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?

— திட்டம் போட்டதே நீங்கதானேக்கா. வந்த பசங்க நம்ம மொழியில ஒண்ணு ரெண்டு கத்துக்குவாங்க, விளையாட்டு மாதிரி இருக்கும்னு...

— அதை இங்க எழுத வேண்டாம். ஏழாம் நம்பர் அந்தப் பொண்ணு. ஏழுன்னு குரல் வந்துச்சு. சரியா?

— வந்துச்சு.

— ஆனா பொண்ணு பஸ்ல இல்ல.

— பாறைக்குப் பின்னாடி கழிப்பறைக்குப் போயிருந்திருக்கா. மழை வேற. பஸ் சத்தம் கேட்டு ஓடி வந்து... சறுக்கி... விடியறப்பப் பொணமாத்தான் கண்டுபிடிச்சோம். ஜாக்கெட் கூட இல்லக்கா அவ மேல. அது கடைசி சீட்டுல குவிஞ்சு கெடந்துச்சு. அவதான் தூங்கறான்னு...

— யாரு நினைச்சா?

— ...எல்லாரும்தான்.

— அவங்கப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. என் பொண்ணுக்குப் பதிலா யாரு பேசினதுன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— இன்னும் சொல்லலை. கிளின்னு எழுதப் போறேன்.

— ஐயோ, அந்த வெளிநாட்டுப் பையனா? வேண்டாம்க்கா.

— ஏன் வேண்டாம்? வந்த நாளா எல்லார் நம்பரையும் அவன்தானே கத்திக்கிட்டுத் திரிஞ்சான்? அதனாலதானே கிளின்னு பேரே வெச்சீங்க?

— சிரிக்க வைக்கக் கத்துவான். அவனுக்குத் தெரிஞ்ச நம்ம மொழியே அந்தப் பதினாறு வார்த்தைதான். அன்னிக்கு அவன் கத்தினதை யாரு பாத்தா?

— அவனே ஒத்துக்கிட்டான்.

— என்னது!

— காலையில. அழுதுக்கிட்டே. நினைவில்ல, ஆனா நானாத்தான் இருக்கும்னு.

— பத்தொம்பது வயசுப் பையன்... ரெண்டு நாளாத் தூங்க விடாமக் கேட்டா எதைத்தான் ஒத்துக்க மாட்டான்?

— அவனுக்கு இன்னிக்கு ராத்திரி பிளேன். இதை எழுதிட்டா அது இல்லை, அவ்வளவுதான். விசாரணை முடியற வரைக்கும் இங்க இருக்கட்டும்.

— எங்க? ஜெயில்லயா?

— எனக்கென்னடா தெரியும்? உன் வீட்டை நினைச்சுப் பாரு. மூணு மாசக் கைக்குழந்தை. விருந்தாளிப் பையன் ஏதோ விளையாட்டுத்தனமாப் பண்ணிட்டான்னா... எல்லாரும் மூச்சு விடலாம்.

— அவன் பாவம்க்கா.

— அந்தப் பொண்ணு பாவமில்லையா?

— அன்னிக்கு நீங்க போனே பண்ணாம இருந்திருந்தா...

— இப்ப என் தலையில கட்டறியா?

— சிறப்பு விருந்தினர் வந்துட்டாரு, மண்டபத்துல காத்திருக்காரு, வண்டியை எடு, வண்டியை எடுன்னு... போனை வைக்கவே விடலை நீங்க. ஒரு காதுல உங்க சத்தம், ஒரு காதுல பசங்க சத்தம்.

— எண்ணியாச்சுன்னு சொன்னியேடா!

— ஆறு வரைக்கும் சரியா வந்துச்சு. அப்புறம் குரலே இல்ல. திரும்பிப் பாத்தேன்... கடைசி சீட்டுல ஜாக்கெட். காலையில போகும்போதும் அப்படித்தான் இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினா. எழுப்ப மனசு வரலை. அப்பவும் அவளுக்குப் பதிலா...

— போதும். நிறுத்து.

— முடியலைக்கா. அந்தக் காகிதத்தைக் கிழிங்க. கிளி இல்ல. ஏழுன்னு சொன்னது நான்.

— கதவு சரியாச் சாத்தியிருக்கா பாரு.

— என்னக்கா... ஒரு வார்த்தை திட்டக்கூட மாட்டீங்களா?

— மெதுவாப் பேசு, அவருக்குக் கேக்கும்... உன் குரல்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா. போன் என் காதுலதானே இருந்துச்சு.