தமிழ்ச் சீட்டு

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ்ஸுக்கு நடப்பேன். சில நாள் பாறசாலை ஜங்ஷன் வரை வந்த பிறகும் சந்தேகம் தட்டி, திரும்பிப் போய் நாலாவது தடவை இழுத்துப் பார்த்திருக்கிறேன். நான் எதையும் அவசரத்தில் செய்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வாக்குமூலத்தை மலையாளத்தில் எழுதித் தந்தால் வசதி என்றீர்கள், சார். எனக்கு மலையாளமும் எழுத வரும். ஆனால் டைரி எல்லாம் தமிழில்தான் எழுதிப் பழக்கம். யோசித்து எழுத வேண்டியதை எனக்குப் பழகிய எழுத்தில்தான் எழுதுவேன். படித்துச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் லிபி. வயது இருபத்திரண்டு. பகலில் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கும் வேலை. எந்த மருந்தை எப்போது, எத்தனை சாப்பிட வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்கும். மாலையில் வலியசாலையில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு. இரண்டு இடத்திலும் விஜய்குமார் என்னோடு இருந்தான். வித்துராக்காரன். அவன் அப்பா பொன்முடி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்கள் மலையாளம் பேசிவிடுவார்கள். ஆனால் படிக்கத் தெரிந்தவர்களுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். எங்கள் சீட்டு மலையாளத்தில் வரும். இதற்காக விஜய்குமார் ராப்பகலாக உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினான். அது கம்ப்யூட்டரின் மெமரியில் போய் இருந்துகொண்டு, பிரிண்டருக்குப் போகிறதை வழியில் பிடித்துத் தமிழ் எழுத்தாக மாற்றி அனுப்பும். 1998 ஜனவரியிலிருந்து தமிழ்க்காரர்களுக்குத் தமிழில் சீட்டு கிடைத்தது. நல்ல புரோகிராம். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

ஜூனில் ஆஸ்பத்திரி ஒரு ஆன்டிவைரஸ் வாங்கியது. ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை நிர்வாக அதிகாரி சுவாமிதாஸ் சார் என்னிடம் கொடுத்தார். எட்டாம் தேதி காலை முதல் தடவை ஓட்டினேன். விஜய்குமாரின் புரோகிராம் வந்ததும் திரையில் சிவப்பு எழுத்து: வைரஸ். மறுபடி ஓட்டினேன். மூன்றாவது தடவையும் ஓட்டினேன். பிறகு சாரைக் கூப்பிட்டேன்.

“உறப்பா லிபி?” என்று கேட்டார்.

“உறப்பு சார்” என்றேன்.

அதற்கு முன் நான் யாரிடமும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. நிச்சயம் என்று சொல்லும்படி எனக்கு எதுவும் வாய்த்ததில்லை. குழம்புக்கு உப்பு போட்டுவிட்டேன் என்றால் அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவாள். சுவாமிதாஸ் சார் எதையும் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, புரோகிராமை நீக்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை வகுப்பில் எல்லாரும் கேட்க விஜய்குமார் சொன்னான்: “எடோ லிபி, அது வைரஸ் ஒண்ணும் இல்ல. நான் எழுதினதாக்கும். மெமரில போய் இருந்துட்டு எந்திரிக்காதது எல்லாம் வைரஸ்னா, நீயும்தான் காலைல வந்து கசேரல இருந்தா சாயங்காலம் வரை எந்திரிக்க மாட்ட. ஆஸ்பத்திரிக்காரங்க உன்னையும் அழிக்கணுமே.”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அது நல்ல ஜோக்.

அவனை மருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். சம்பளம் குறையவில்லை. எனக்குத்தான் சந்தேகம் விடவில்லை. யாரும் சொல்லாமல் நானே அவன் புரோகிராமின் பிரதியை ஒரு பிளாப்பியில் போட்டு, ஆன்டிவைரஸ் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். கெட்ட எண்ணம் இருந்தால் அனுப்பியிருப்பேனா?

ஜூலை ஆறாம் தேதி பதில் வந்தது. நீங்கள் அனுப்பியதில் வைரஸ் இல்லை, எங்கள் மென்பொருள் தவறாகக் காட்டியிருக்கிறது, திருத்திய பதிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். கூடவே புது பிளாப்பி. அதைப் போட்டு மூன்று தடவை ஓட்டினேன். மூன்று தடவையும் சுத்தம் என்று வந்தது. டைரியில் தேதி, மணி, முடிவு எல்லாம் எழுதினேன். கடிதத்தை டைரியின் பின்னட்டைக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை. ஒளிப்பவள் கிழித்திருப்பாள். சுவாமிதாஸ் சாரிடம் சொல்வதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம்தான் அவர் மற்றவர்களிடம், “லிபி சொன்னா பின்ன நோக்கண்டா”, மறுபடி பார்க்கவே வேண்டாம், என்று சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஜூலை இருபதாம் தேதி மாடம்மாள் வந்தாள். நாற்பத்தாறு வயது, பொன்முடியில் கொழுந்து பறிக்கிறவள். விரல் மூட்டெல்லாம் வீங்கி மடங்கியிருந்தன. டாக்டர் மூட்டுவாதத்துக்கு ஒரு மஞ்சள் மாத்திரை எழுதியிருந்தார். வாரத்தில் திங்கட்கிழமை மட்டும், ராத்திரி, மூன்று மாத்திரை. மலையிலிருந்து பஸ் குறைவு என்பதால் பன்னிரண்டு வாரத்துக்குச் சேர்த்து முப்பத்தாறு. சீட்டு வாங்க அவள் புருஷன் சொரிமுத்து என் ஜன்னலுக்கு வந்தார்.

“தாயி, தமிழ்ல சீட்டு குடுப்பாங்கன்னு லயத்து வீட்டுக்காரங்க சொன்னாங்களே?”

“அது இப்போ இல்லா. இதில் எல்லாம் எழுதியிட்டுண்டு” என்று மலையாளத்தில் சொன்னேன்.

“பேசுனா புரியும் தாயி. எழுத்துதான் நமக்குப் பிடிபடாது.” சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ராத்திரி சோறு தின்னுட்டுப் போடணும், மூணு. அப்படித்தானே?”

“ஆமா” என்றேன்.

அவர் கேட்டது சரி, நான் சொன்னதும் சரி. ராத்திரிதான், சாப்பிட்ட பிறகுதான், மூன்றுதான். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. நான் தமிழில் ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். சுவாமிதாஸ் சார் எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒருவருக்குச் சொன்னால் அடுத்தவருக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தால், பிறகு அந்தப் புரோகிராமை ஏன் எடுத்தாய் என்ற கேள்வி வரும். இதையெல்லாம் அந்த ஜன்னலில், அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கும் நேரத்துக்குள் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

மாடம்மாள் தினமும் சாப்பிட்டாள். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் இறங்காமல், முப்பத்தொன்றாம் தேதி அவளைக் கீழே கொண்டுவந்தார்கள். டப்பாவில் மூன்று மாத்திரை மிச்சம் இருந்தது. ஆகஸ்ட் இரண்டாம் தேதி இறந்தாள். சொரிமுத்து என் ஜன்னலுக்கு வந்து நின்றார். திட்டவில்லை. “நீ ஆமான்னுதானே தாயி சொன்ன?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அதுதானே உண்மை.

தமிழ்ச் சீட்டு ஏன் நின்றது என்று விசாரணை வந்தது. விஜய்குமார் ஸ்டோரிலிருந்து வந்து எல்லார் முன்னாலும் நின்றான். “என் புரோகிராம்ல ஒண்ணும் கிடையாது சார். இப்பவே, இங்க வச்சே ஓட்டிப் பாருங்க. இருந்தா ஸ்டேஷனுக்கு நானே நடந்து போறேன்” என்றான். பத்தாம் தேதி பகல் பதினொரு மணிக்குச் சோதனை என்று முடிவானது. ஓட்டப்போவது நான்.

உங்களுக்குத் தேவையான பகுதி இதுதான் என்று தெரியும். டைரியில் இருக்கிறது, இங்கேயும் எழுதித் தருகிறேன். பத்தாம் தேதி காலை எட்டரை மணிக்கு, யாரும் வருவதற்கு முன், திருத்திய பதிப்பைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். ஜூனில் வாங்கிய பழையதைப் போட்டேன். நான்தான் செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் கூட இல்லை. பிறகு டைரியை நானே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். ஒவ்வொரு சோதனையையும் எவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் ஆகஸ்ட் பத்தாம் தேதிப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறீர்கள்.

அன்று பதினொரு மணிக்கு ஒன்பது பேர் சுற்றி நின்றார்கள். நான் ஓட்டினேன். சிவப்பு எழுத்து வந்தது. மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மறுபடியும் வந்தது. யாரும் சொல்லாமல் மூன்றாவது தடவையும் ஓட்டினேன். விஜய்குமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது. தப்பு செய்யாதவன் அப்படி நிற்க மாட்டான் என்று சுவாமிதாஸ் சார் மெதுவாகச் சொன்னார். எனக்கும் முதல் தடவையாக அவன் மேல் சந்தேகம் வந்தது.